மாமனார் வெயில்

எங்கள் வீட்டில் எந்த நேரத்துக்கு எந்த இடம் குளிர்ந்திருக்கும் என்பது அண்ணிக்குத் தெரியும். காலையில் வடக்குச் சுவரின் அடிப்பக்கம். உச்சியில், தண்ணீர்ப் பானை உட்கார்ந்திருக்கும் ஈர மணலை ஒட்டிய மூலை. பிற்பகலில், கேழ்வரகுக் குதிருக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்து நுழையக்கூடிய சந்து. பூனை படுக்கிற இடங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன் என்பாள். அந்தப் பூனையை எழுப்பி விரட்டிவிட்டு அதே இடத்தில் அவள் படுத்துக்கொண்டதையும் நான் பார்த்திருக்கிறேன்.

சாயங்காலத்துக்கு மட்டும் அவளிடம் இடம் கிடையாது. எங்கள் ஊர் பென்னாகரம் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. மேற்கே ஒரு மொட்டைப் பாறைக் குன்று. பகலெல்லாம் வெயிலை விழுங்கிவிட்டு, வெயில் போன பிறகு அது மூச்சு விடும். அந்த மூச்சு ஊர்மேல் வந்து படியும்போது அண்ணி ஈரச் சேலைத் தலைப்பைப் பிடரியில் சுற்றிக்கொண்டு, எந்தச் சுவரிலும் சாயாமல், நடு வாசலில் நிற்பாள். சுவர்கூடக் கொதிக்கும்.

அவள் என் அண்ணனின் மனைவி. பாப்பிரெட்டிப்பட்டிக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்து ஊர்க்காரி. எங்களைப் போலவே வேதக்காரக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போவதும் திங்கட்கிழமை மண்வெட்டி எடுப்பதுமாக இருந்தவர்கள். அறுபதுகளின் கடைசியில் அவள் வாக்கப்பட்டு வந்தபோது எங்கள் அப்பா உயிரோடு இல்லை. மாமனார் இல்லாத வீட்டுக்கு வந்தவள் சூரியனை மாமனார் ஆக்கிக்கொண்டாள். எங்கள் பக்கத்து வழக்கப்படி மாமனார் வந்தால் மருமகள் எழுந்து உள்ளே போய்விட வேண்டும். அவர் நகரும்வரை தலை காட்டக் கூடாது.

"பாப்பா, மாமனாரு புளியமரத்து உச்சிக்கு ஏறிட்டாரு. நான் உள்ள போறேன்" என்பாள்.

நான் அவளைவிட இரண்டொரு வயது இளையவள். கல்யாணம் ஆகாமல் வீட்டில் இருந்தேன். அதனால் 'பாப்பா'.

கடலைக் காட்டில் களை எடுக்கும்போது மற்ற பெண்களுக்கு அவள்தான் அன்றாட வேடிக்கை. வெயில் ஏறுவதற்கு முன் அவள் கை ஓடுகிற வேகத்துக்கு எவளும் ஈடு கொடுக்க முடியாது. வெயில் ஏறிவிட்டால் கால் பின்னும். நேராக நடக்கிறவள் கோணலாக நடப்பாள். களைக்கொத்து கையிலிருந்து நழுவும்.

"என்னாடி வெண்ண மவராசி, உருகறதுக்குள்ள ஒரு பாத்தியாச்சும் முடிப்பியா?"

"உருகி நெய்யானா நஷ்டமாங்க? உங்க வூட்டுக் களியிலதான ஊத்திக்கப் போறீங்க!"

எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். சிரித்தபடியே வரப்பில் உட்கார்ந்து, கண்ணை இறுக மூடித் திறந்து, மூடித் திறந்து, எதிரே இருப்பது என் முகமா இல்லை மரமா என்று தேடுவாள். அவள் தேடுகிறாள் என்பது சிரித்தவர்களுக்குத் தெரியாது. சாராயக்கடை திறந்த பிறகு கேலி இன்னும் மோசமானது. மத்தியானத்தில் அவள் தெருவில் தள்ளாடி வந்தால், "காலையிலயே ஏத்திட்டாளா?" என்று ஒரு குரல் வரும். அதற்கும் அவள் பதில் வைத்திருந்தாள்: "எங்க மாமனாரு ஊத்திக் குடுத்தாருங்க. பெரியவங்க குடுத்தா வேணாங்க முடியுமா?"

இது எங்கே தொடங்கியது என்று கேட்டால் எனக்கு ஒரு காலைப்பொழுதுதான் நினைவுக்கு வருகிறது.

பெண் குழந்தை பிறந்து சில நாள் ஆகியிருந்தது. பிள்ளை பெற்றவளுக்குச் சுடுதண்ணீர் ஊற்றுவது எங்கள் வீடுகளில் ஒரு பூசை மாதிரி. நொச்சித் தழை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரை அண்டாவிலிருந்து மொண்டு இடுப்பிலும் முதுகிலும் அடித்து ஊற்றுவார்கள். தோல் சிவக்க வேண்டும். அம்மா முதலில் தன் கையை அண்டாவில் விட்டுப் பார்ப்பாள். பிறகு அண்ணியின் தோளைத் தொட்டு, "பொறுக்கற சூடுதான் ஆத்தா. பயப்படாத" என்பாள். கறாரான மனுஷி என் அம்மா. அந்த ஒரு வார்த்தையை மட்டும் மெத்தென்று சொல்வாள்.

ஊற்றி முடித்து, உடம்பைத் துவட்டி, கதவு சன்னல் எல்லாம் சாத்திய அறையில் அண்ணியை உட்காரவைத்துக் குழந்தையை மடியில் கொடுத்தார்கள். சாம்பிராணித் தணலும் பக்கத்தில். கொஞ்ச நேரம் கழித்து அவள் கூப்பிட்டாள்.

"பாப்பா, வெளக்க ஏத்து. இருட்டிப்போச்சு."

கதவிடுக்கில் வெயில் கோடு போட்டிருந்தது. கோயிலில் காலைப் பூசை முடிந்து அப்போதுதான் ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நான் ஒன்றும் விளங்காமல் நின்றேன். அவள் கைகள் தளர்ந்து குழந்தை மடியிலிருந்து சரியத் தொடங்கியது. அம்மா பாய்ந்து பிடித்தாள்.

அன்று பிடித்த குழந்தையை அம்மா பிறகு முழுசாகத் திருப்பிக் கொடுக்கவேயில்லை. பால் கொடுக்கும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். குடித்து முடித்ததும் வாங்கிக்கொள்வாள். அண்ணிக்குப் பார்வை அன்று சாயங்காலமே வந்துவிட்டது. கால் மட்டும் சில வாரம் இழுத்தது. "தூக்கட்டுங்களா அத்த?" என்று கேட்டால், "கண்ணு மறுபடி இருட்டுனா? நெலத்துல போட்டுட்டன்னா?" என்பாள் அம்மா. அதில் பொல்லாப்பு இல்லை, பயம்தான். ஆனால் தன் பிள்ளையைத் தூக்குவதற்கு ஒருத்தியிடம் அனுமதி கேட்டு நிற்பது எப்படி இருக்கும் என்பதை அண்ணியின் கைகளைப் பார்த்தால் தெரியும். கேட்டுவிட்டு அவை நீண்டபடியே கொஞ்ச நேரம் இருக்கும். பிறகு சேலை மடிப்பைச் சரிசெய்யப் போய்விடும்.

வெயில் ஏறும்போதெல்லாம் கண்ணும் காலும் மறுபடி மறுபடி படுத்த, ஊர் வைத்தியம் ஒன்றும் எடுபடாமல், அண்ணன் அவளை ரயிலேற்றிப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கூட்டிப் போனான். அங்கே ஒரு தொட்டியில் சுடுதண்ணீர் நிரப்பி, அதில் அவளைக் கழுத்தளவு உட்காரவைத்து, எதிரே எழுத்துப் பலகையைப் பிடித்துக்கொண்டு, "தெரிகிறதா, தெரிகிறதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். எழுத்துகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கால் துணியாகிப்போனது. உடனே தூக்கி ஈரத் துணி போர்த்தி விசிறினார்கள். எழுத்துகள் திரும்பி வந்தன. நோயைக் கண்டுபிடிக்க அன்றைக்கு அவர்களுக்கு இருந்த வழி அது.

டாக்டர் சொன்னதை நர்ஸ் ஒருத்தி அண்ணியிடம் தமிழில் சொன்னாள். நரம்பின்மேல் ஓர் உறை இருக்கிறது. மின்சாரக் கம்பியின் மேல் ரப்பர் இருப்பதுபோல. அது அங்கங்கே பிய்ந்திருக்கிறது. உடம்பு சூடேறினால் பிய்ந்த இடத்தில் ஓட்டம் நின்றுபோகும். வெயிலில் நின்றாலும் சரி, வேலை செய்து உடம்பு காய்ந்தாலும் சரி, காய்ச்சல் வந்தாலும் சரி. மருந்து இல்லை. உடம்பைக் குளிர்ச்சியாக வைத்துக்கொள், அலட்டிக்கொள்ளாதே, படுத்திரு. எங்கள் கிணற்றில் பம்புசெட்டு வந்திருந்த சமயம் அது. அண்ணிக்குக் கம்பியும் ரப்பரும் நன்றாகவே விளங்கின. அண்ணன் வராந்தாவில் நின்றிருந்தான். அவன் கண்ணால் பார்த்தது சுடுதண்ணீர்த் தொட்டியை மட்டும்தான்.

திரும்பி வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "என்னா பண்ணாங்க?"

"சுடுதண்ணியில உக்கார வெச்சாங்கம்மா" என்றான் அண்ணன்.

அம்மாவின் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் மறக்க மாட்டேன். "அப்புடிப் போடு! நாம வூட்டுல ஊத்துனதத்தான் அவங்க தொட்டியில ஊத்தியிருக்காங்க. இதுக்கு எதுக்குடா ரயிலு?"

"அது வைத்தியம் இல்லீங்க அத்த. நோவு என்னான்னு பாக்கறதுக்கு" என்றாள் அண்ணி.

"பாக்கறதுக்கு யாராவது சுடுதண்ணியில போடுவாங்களா? கோழியா நீ? வாதம்னா குளிர்ச்சி ஆத்தா. ஈர வெறகு எரியுமா? காய வெச்சாத்தான் எரியும்."

எங்கள் ஊரில் இதற்கு எதிராகப் பேச ஆளே கிடையாது. கை கால் விழுந்தால் வாதம், வாதம் என்றால் குளிர்ச்சி, குளிர்ச்சிக்குச் சூடு. பெரிய ஆஸ்பத்திரியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. அன்றிலிருந்து தினமும் விறகடுப்பில் அண்டா ஏறியது. விடியும் முன் எழுந்து அம்மாவே தழை பறித்து வருவாள், முட்டி வலியோடு. இவ்வளவு பாடுபடுகிறவளிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அண்ணி குளித்துவிட்டு வந்து, கண்ணுக்குள் வெள்ளைப் புகை கலையும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "எப்புடி இருக்குது?" என்பாள் அம்மா. "பரவால்லீங்க அத்த."

படுத்திரு என்று டாக்டர் சொன்னதை மட்டும் அவள் ஏற்கவில்லை. "படுத்தேன்னா அப்புறம் என்ன எழுப்பறதுக்குக் கோயில் மணி அடிச்சாலும் பத்தாது பாப்பா" என்றாள். அண்டா கொதிப்பதற்கு முன்பே, துணி துவைக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு கிணற்றுக்குப் போனாள்.

எங்கள் காட்டுக் கிணறு கல் படிகள் இறங்குகிற அகலக் கிணறு. தண்ணீருக்குள்ளும் படிகள் போகும். முங்கிய படி ஒன்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, சுவர்க் கல்லைப் பிடித்தபடி, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடப்பாள். தரையில் இழுக்கிற கால் தண்ணீரில் இழுக்காது. பல் கிடுகிடுக்கும், உதடு நீலமாகும், ஏறச் சொன்னால் கேட்க மாட்டாள். பிறகு குடத்தை நிரப்பிக் கழுத்துக்குத் தூக்குவாள். இறக்குவாள். தூக்குவாள். தண்ணீரைக் கொஞ்சம் கொட்டிவிட்டு, "இப்பப் பாரு பாப்பா. புள்ள கனம் இருக்குதா?" என்று குடத்தை என் கையில் தருவாள். குழந்தை வளர வளரக் குடத்தில் தண்ணீரும் ஏறிக்கொண்டே வந்தது.

குளிர் அவள் உடம்பில் கொஞ்ச நேரம் தங்கும். ஈரச் சேலையோடு காற்றில் நடந்து வரும்போது, எங்கள் ஊரிலேயே அழகாக நடக்கிறவள் அவள்தான். வீட்டுக்கு வந்தால் அண்டா தயாராக இருக்கும்.

தை மாதம் எங்கள் கோயில் திருநாள். அந்த வருஷம் பனி கொட்டியது. பாறைக் குன்றே கண்ணுக்குத் தெரியவில்லை. காலைப் பூசைக்கு எல்லோரும் கிளம்பியபோது அண்ணி ஈரத் துண்டு ஒன்றைச் சேலைக்குள் பிடரியில் வைத்துக்கொண்டு வந்து, அம்மாவின் முன்னால் நின்றாள். கேட்கவில்லை. மகளை அம்மாவின் இடுப்பிலிருந்து வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். குழந்தைக்கு மூன்று வயது ஆகியிருக்கும், நல்ல கனம். தெரு முழுக்க, கோயில் மேடு ஏறி, பீடம் வரைக்கும் நடந்தாள். மகள் அவள் கழுத்து ஈரத்தைத் தொட்டுத் தொட்டு, "அம்மா சில்லு, அம்மா சில்லு" என்று சிரித்தாள். பூசை முடியும்வரை இறக்கவில்லை.

வெளியே வந்தபோது வேப்பமரத்தடியில் நின்ற பெண்களிடமிருந்து குரல் கேட்டது. "வேலைன்னா காலு வராது. திருநாளுன்னா வரும்."

"எல்லாம் நடிப்புடி. இத்தன வருசமா ஏமாத்தியிருக்கா பாரு."

அம்மா திரும்பினாள். நான் அவளை அப்படி ஒரு கோபத்தில் பார்த்ததில்லை. "எவடி அவ? எம் மருமவ நடிக்கல. தெனம் கருக்கல்ல எழுந்து நான் ஊத்துன சுடுதண்ணி வேல செஞ்சிருக்குது. கண்ணத் தொறந்து பாருங்கடி!"

சொல்லி முடித்ததும் அவள் முகம் பெருமையில் மலர்ந்து சிரித்தது. கிணற்றைப் பற்றிச் சொல்ல நான் வாயெடுத்தேன். அண்ணி என் கையை அழுத்தினாள். "விடு பாப்பா. அத்த இன்னிக்குத்தான் சிரிக்கறாங்க."

அந்தச் சிரிப்புக்குக் கோடையில் விலை வந்தது. பாதி குணமாகிவிட்டது, மீதியையும் முடித்துவிட வேண்டும் என்று அம்மா ஒரு வாத வைத்தியரை வரவழைத்தாள். அவர் மணல் புதைப்பு சொன்னார். பங்குனி வெயிலில் வாசலில் ஆற்று மணலைப் பரப்பிக் காயவிட்டு, உச்சிப் பொழுதில் அண்ணியை இடுப்புவரை அதில் புதைத்தார்கள். அப்போதாவது அவள் சொல்லிப் பார்த்தாள்: "வேணாங்க அத்த. நான் நடந்தது கெணத்துத் தண்ணியாலதாங்க." அம்மா நம்பவில்லை. பயத்தில் உளறுகிறாள் என்று நினைத்தாள். அண்ணியின் தலைக்குக் குடை பிடித்தபடி, தன் தலையில் முந்தானைகூடப் போட்டுக்கொள்ளாமல் அம்மாவும் அந்த வெயிலிலேயே உட்கார்ந்திருந்தாள். "பொறுக்கற சூடுதான் ஆத்தா. பயப்படாத."

குழந்தை கூடத்திலிருந்து கூப்பிட்டது. அண்ணி தலையை அங்குமிங்கும் திருப்பினாள். "கொரலு கேக்குது. எங்கங்க அத்த அவ? எம் புள்ள எந்தப் பக்கம் நிக்கறா?"

தூக்கி உள்ளே போட்டோம். மாமனார் இறங்கட்டும், எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று நான் காத்திருந்தேன். எப்போதும் அப்படித்தானே வரும். வெயில் போனது. பாறையும் மூச்சு விட்டு ஓய்ந்தது. விடிந்தபோது ஒரு கண் மட்டும் மங்கலாகத் திரும்பியிருந்தது. கால்கள் வரவேயில்லை.

வெகு காலம் கழித்து, வேறொரு ஊரில், நரம்பு டாக்டர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். சூடு நரம்பைப் பிய்ப்பதில்லை, ஏற்கெனவே பிய்ந்ததைக் காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான் என்றார். அந்த நோய் அலை அலையாக வரும். அந்தப் பங்குனியில் அடுத்த அலை வர இருந்திருக்கும், மணல் இல்லாவிட்டாலும் வந்திருக்கும். இப்போது இந்த நோயாளிகளைக் குளிர்ந்த தண்ணீருக்குள் நடக்கவைக்கிறோம் என்று அவர் சொன்னபோது நான் சன்னலைப் பார்த்துக்கொண்டேன். என் அம்மா அவளைக் கெடுக்கவில்லை என்று அவர் ஆறுதல் சொன்னார். சரிதான். ஆனால் அந்த மூன்று வருஷத்துக் காலைகள்? கிணற்றிலிருந்து ஈரத்தோடு, நிமிர்ந்து, கண் தெளிந்து அவள் வாசலுக்கு வந்த ஒவ்வொரு காலையையும் நாங்கள் அண்டாவில் போட்டுக் கரைத்தோமே. நோய் எப்படியும் எடுத்துக்கொள்ள இருந்தது. அதற்கு முன் அவளுக்கென்று இருந்த கொஞ்சத்தை எடுத்தது நாங்கள்தான்.

அண்டா அதன்பிறகு அடுப்பேறவில்லை. நான் மாரண்டஹள்ளிக்குக் கல்யாணமாகிப் போய், வருஷத்துக்கு ஒருமுறை இருமுறை வருவேன். அண்ணி குதிருக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்துக்கு எதிரே கட்டிலில் கிடப்பாள். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையை எறிந்துவிட்டு அவள் நெற்றியில் ஈரத் துணி போடுவாள். அம்மா மண்தரையில் கட்டிலைச் சுற்றித் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பதைப் பார்த்தேன். காலையில், உச்சியில், சாயங்காலம்.

"எதுக்கும்மா இத்தன தண்ணி?"

"தூசி பறக்குதுடி. அடங்கட்டும்னுதான்."

அண்ணி கட்டிலிலிருந்து என்னைப் பார்த்து, பார்வை மிஞ்சியிருந்த கண்ணைச் சிமிட்டினாள்.

அவள் போனது ஐப்பசியில். அவளுக்குப் பிடித்த மாதம். மழை பிடித்துக் கிணறு மேல்படி வரை நிறைந்திருந்தது. மாமனார் பல நாளாக வெளியே தலை காட்டவில்லை. காய்ச்சல் என்று ஆள் வந்து சொல்லி நான் ஓடினேன். நெற்றியைத் தொட்டபோது கை சுட்டது. கண் இரண்டும் போயிருந்தது. பேச்சு குழறினாலும் குரலை வைத்து ஆளை அடையாளம் தெரிந்துகொண்டாள்.

"பாப்பா, வெளிய எல்லாம் மழதான?"

"ஆமாங்க அண்ணி. நல்ல மழ."

"மாமனாரு இந்தத் தடவ உள்ளயே வந்து உக்காந்துட்டாரு. நான் எங்க எழுந்து போவேன், சொல்லு."

அதுதான் என்னோடு அவள் பேசிய கடைசிப் பேச்சு.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. குளிப்பாட்டுவதற்கு வாசலில் வாழையிலைத் தடுப்புக் கட்டினார்கள். வேப்பமரத்தடிப் பெண்கள்தான் எல்லாவற்றையும் செய்தார்கள், அழுதார்கள்கூட. பரணில் கிடந்த அண்டாவை இறக்கி, கழுவி, நொச்சித் தழை போட்டு அடுப்பேற்றியிருந்தார்கள். பிணத்துக்குச் சுடுதண்ணீர்தான் வழக்கம். ஆவி பறக்க அதைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, அதுவரை சுவரோரம் செபமாலையோடு அசையாமல் இருந்த அம்மா எழுந்தாள்.

"அத எங்கடி கொண்டார?"

"குளிப்பாட்டத்தாங்க."

"கொண்டுபோய்க் கொட்டுங்க. அவளுக்குச் சுடுதண்ணி ஆவாது."

யாரும் நகரவில்லை. அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்கு நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். குடத்தைத் தரவில்லை. வழுக்கும் படியில் உட்கார்ந்து, தானே முக்கி நிரப்பி, மூட்டு நோக இடுப்பில் சுமந்து வந்தாள்.

தடுப்புக்குள் நுழைந்து குடத்தை இறக்கிவைத்தாள். எப்போதும்போல முதலில் தன் கையை உள்ளே விட்டுப் பார்த்தாள். வெகுநேரம் கையை எடுக்கவில்லை. பிறகு அந்த ஈரக் கையால் அண்ணியின் தோளைத் தொட்டாள்.

"நல்லா சில்லுன்னு இருக்குது ஆத்தா. பயப்படாத."